மலிவு டேங்க் என்ஜின்: முதலில் ஓட்டம், பிறகு தோற்றம்

கேள்வி சுருக்கமாக இது: மாடல் ரயிலில் டபுள்-ஓ அளவில் (நிஜத்தின் சுமார் 76-ல் ஒரு பங்கு) மலிவான 0-4-0 டேங்க் என்ஜின் ஒன்று இருக்கிறது, அதாவது நான்கே சக்கரமும் தன் மேலேயே தண்ணீர்த் தொட்டியும் உள்ள குட்டி நீராவி என்ஜினின் மாடல். தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கன்ட்ரோலரைக் கொஞ்சம் திருகினால் அசையாது, இன்னும் கொஞ்சம் திருகினால் பாய்ந்துவிடும். மெதுவாக ஓட்டினால் தண்டவாளம் பிரியும் பாயின்ட் மேல் நின்றுகொண்டு விரலால் தள்ளச் சொல்லும். பார்க்கவும் பளபளவென்று பொம்மை மாதிரி இருக்கிறது. மோட்டாரை மாற்றினால் சரியாகுமா?

பெரும்பாலும் மோட்டார் மேல் குற்றம் இருக்காது. தண்டவாளத்தில் இருக்கும் மின்சாரம் மோட்டாருக்கு விட்டுவிட்டுப் போய்ச் சேர்வதுதான் சிக்கல். புது மோட்டார் போட்டாலும் அதே அழுக்குச் சக்கரம், சக்கரத்தைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் அதே தளர்ந்த பிக்கப் வழியாகத்தான் அதற்கும் மின்சாரம் வர வேண்டும். அதனால் பணத்தையும் நேரத்தையும் முதலில் சக்கரத்தில் செலவழியுங்கள். பெயின்ட் கடைசி வேலை. பெயின்ட் அடித்து முடித்த பாடியைப் பத்துத் தடவை கழற்றி மாட்டினால் விளிம்பெல்லாம் உரிந்துவிடும்.

எதையும் கழற்றுவதற்கு முன் நோய் எங்கே என்று பார்த்துவிடுங்கள். என்ஜினைத் தலைகீழாக ஸ்பாஞ்ச் மேல் வையுங்கள். கன்ட்ரோலரிலிருந்து இரண்டு ஒயர் எடுத்து, பிக்கப்பைத் தாண்டி, மோட்டார் முனைகளிலேயே நேராகக் கொடுங்கள். 3 வோல்ட்டிலிருந்து மெதுவாக ஏற்றிப் பாருங்கள். சீராகச் சுழன்றால் இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு பிக்கப்பில். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் திணறினால் சக்கரங்களைப் பக்கவாட்டில் இணைக்கும் கப்ளிங் ராட் எங்கோ பிடிக்கிறது, அல்லது சக்கரங்களின் கோணம் பிசகியிருக்கிறது. இன்ன இடம் என்றில்லாமல் விட்டுவிட்டுத் திணறினால் மோட்டாருக்குள் சுழலும் கம்யூட்டேட்டரில் அழுக்கு, இல்லையேல் அதைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் மோட்டார் வாங்கப் போகிறவர்கள்தான் அதிகம்.

ராட் மேல் சந்தேகம் வந்தால் அதைக் கழற்றிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். மோட்டார் இணைந்த அச்சு தனியாகச் சீராகச் சுழன்று, ராட் மாட்டியதும் திணறினால், ராட் மாட்டும் இருபுறக் கிராங்க் முளைகளும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் இல்லை என்று பொருள். ஒரு சக்கரத்தை அச்சில் லேசாகத் திருப்பிச் சரிசெய்யலாம். ராட் துளையை ஊசி அரத்தால் பெரிதாக்குவது குறுக்குவழி, 0.1 மி.மீ. வரை பரவாயில்லை, அதற்கு மேல் போனால் ஓட்டம் கிடுகிடுக்கும். சக்கரத்தைத் தொட்டுவிட்டால் இரண்டு சக்கரங்களின் உட்புற இடைவெளியையும் அளந்துவிடுங்கள்: டபுள்-ஓவுக்கு 14.5 மி.மீ. இது குறைந்திருந்தால் சக்கரம் பாயின்டின் செக் ரயிலில் (சக்கரத்தை வழிநடத்தும் துணைத் தண்டவாளம்) ஏறிக் குதிக்கும். கூடியிருந்தால், தண்டவாளங்கள் குறுக்கிடும் முனையான ஃபிராக்கில் தவறான பக்கம் நுழையும்.

இனி சுத்தம். சக்கரத்தின் ஓடுபரப்பையும் பின்புறத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்திக் குச்சியால் துடைத்தால் கரிய பசை வரும். உப்புத்தாளோ கம்பித் தேய்ப்பானோ வேண்டாம். நுண்ணிய கீறல்களில் அழுக்கு இரட்டை வேகத்தில் சேரும். ஆல்கஹால் பாடியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அக்ரிலிக் பெயின்டைக் கரைத்துவிடும். எண்ணெய் விஷயத்தில் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத லேசான எண்ணெயாக, ஒவ்வொரு அச்சுத் தாங்கிக்கும் குண்டூசி முனையில் ஒட்டுகிற அளவு போதும். கியருக்குக் கிரீஸ், கடுகளவு. அதிகமானால் எண்ணெய் ஊர்ந்து சக்கரத்துக்கும் கம்யூட்டேட்டருக்கும் போய், துடைத்ததெல்லாம் வீணாகும். பிறகு சுமை எதுவும் இல்லாமல் பாதி வேகத்தில் முன்னோக்கி அரை மணி, பின்னோக்கி அரை மணி ஓடவிடுங்கள்.

சில மலிவு என்ஜின்களில் ஒரு சக்கரத்தில், சிலவற்றில் இரண்டில், இழுவைக்காக ரப்பர் வளையம் இருக்கும். அந்தச் சக்கரம் மின்சாரம் எடுக்காது. நான்கே சக்கரம் உள்ள என்ஜினில் ஒன்று ரப்பர், ஒன்று பிளாஸ்டிக் ஃபிராக் மேல் என்றால், ஒரு தண்டவாளத்திலிருந்து எடுக்க ஒரு சக்கரம்கூட மிஞ்சாமல் போகலாம். ரப்பர் இல்லாத சக்கர ஜோடி கிடைத்தால் மாற்றிவிடுங்கள். இழுவையை எடை கூட்டி ஈடுகட்டலாம்.

பிக்கப்தான் இந்த வேலையின் உயிர்நாடி. நான்கு சக்கரத்திலும் பிக்கப் இருக்கிறதா, இருப்பது உண்மையிலேயே தொடுகிறதா என்று பாருங்கள். சக்கரங்களுக்குப் பக்கவாட்டில் அரை மில்லிமீட்டராவது ஆட்டம் இருக்கும். இடப்பக்கம் தள்ளினாலும் வலப்பக்கம் தள்ளினாலும் பிக்கப் விடாமல் ஒட்டியிருக்க வேண்டும். பழைய பித்தளைத் தகடு வளைந்து சோர்ந்திருந்தால் அதை நிமிர்த்துவதைவிடப் புதிதாகச் செய்வது மேல். 0.3 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் கம்பியும், சர்க்யூட் போர்டுக்கான செம்புப் பூச்சுப் பலகையில் 4 மி.மீ. அகலத் துண்டு ஒன்றும் போதும். துண்டின் நடுவே செம்பை அரத்தால் ஒரு கோடாக அறுத்து இடது, வலது என இரண்டாகப் பிரியுங்கள். பிரிந்ததா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே அடுத்த வேலை. கம்பிகளைப் பலகை வெளியே இருக்கும்போதே சாலிடர் செய்துவிடுங்கள். அடித்தகட்டில் ஒட்டிய பிறகு சூடு காட்டினால் பிளாஸ்டிக் உருகி அச்சு அழுந்திப்போகும். பலகையை எபாக்ஸியால் அடித்தகட்டின் நடுவில் ஒட்டி, ஒவ்வொரு கம்பியையும் சக்கரத்தின் பின்புறம், துருத்திய விளிம்பான ஃபிளேஞ்சுக்குச் சற்று உள்ளே தொடும்படி வளையுங்கள்.

கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு மிருதுவாக அழுத்தும். குட்டைக் கம்பி ஒன்று சக்கரத்தைப் பிரேக் போலப் பிடித்துவிடும், அல்லது தொடாமல் விட்டுவிடும். 20 முதல் 25 மி.மீ. நீளம் கிடைக்கும்படி, தேவையானால் ஒரு மடிப்புப் போட்டு வளையுங்கள். அழுத்தம் சரியா என்று அறிய மோட்டார் இணையாத அச்சை ராட் இல்லாமல் விரலால் சுண்டுங்கள். ஒரு சுற்றாவது தானாகச் சுழல வேண்டும். கம்பி நுனி உலோக அடிச்சட்டத்தில் இடித்தால் ஷார்ட் ஆகும். திருப்பத்தில் மட்டும் கன்ட்ரோலர் நின்றுபோனால் சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து கம்பியைச் சட்டத்தின் மேல் தள்ளுகிறது. அந்த இடத்தில் சட்டத்துக்கு மெல்லிய டேப் ஒட்டினால் தீர்ந்தது.

இவ்வளவு செய்தும் நிற்கிறது என்றால் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் தண்டவாளத்தைத் தொடவில்லை. மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நான்கு கால் மேசை ஆடும். விறைப்பான அடிச்சட்டத்துக்கும் அதே கதைதான். மருந்து எளிது, கை நிதானம் வேண்டும். மோட்டார் இணையாத அச்சு உட்காரும் பள்ளத்தை இரு பக்கமும் மேல்நோக்கி 0.5 மி.மீ. அரத்தால் ஆழமாக்குங்கள். அடிச்சட்டத்தின் நடுக்கோட்டில், அச்சுக்கு மேலே, 0.5 மி.மீ. கம்பித் துண்டு ஒன்றை என்ஜினின் நீளவாக்கில் ஒட்டுங்கள். இப்போது அச்சு அந்த ஒரு கம்பியின் மேல் தராசுபோல் இடமும் வலமும் சாயும். என்ஜினின் உயரம் மாறாது, சக்கரம் ஒவ்வொன்றும் தண்டவாளத்தைத் தேடிப் போய்த் தொடும். அடித்தகடு அச்சை இறுக்கிப் பிடித்தால் அங்கேயும் அரை மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்க வேண்டும். கியர் உள்ள அச்சில் இதைச் செய்யாதீர்கள், மோட்டார் தண்டிலுள்ள திருகுப் பல்லான வார்மும் கியரும் கடித்துக்கொள்ளும். ஆறு சக்கர 0-6-0 என்ஜினாக இருந்தால், கியர் இல்லாத பட்சத்தில், நடு அச்சின் பள்ளத்தை மட்டும் 0.3 மி.மீ. மேலே தளர்த்தினாலே பாதி வித்தியாசம் தெரியும்.

என்ஜின் முன்னும் பின்னும் மெல்ல உந்தி உந்திப் போகிறதா? மோட்டார் தண்டு நீளவாக்கில் ஆடுகிறது. வார்ம் பக்கம் 0.1 அல்லது 0.2 மி.மீ. வாஷர் ஒன்று போட்டால் அடங்கும். அடியோடு இறுக்கிவிடாதீர்கள், விரல் தொட்டால் உணரும்படி இம்மி ஆட்டம் இருக்க வேண்டும்.

எடை கூடினால் பிக்கப்பும் இழுவையும் சேர்ந்தே தேறும். 30 முதல் 50 கிராம் சேர்க்கலாம். இடம் சுருக்கம் என்பதால் அடர்த்தி முக்கியம்: இரும்பு கன சென்டிமீட்டருக்கு சுமார் 7.8 கிராம், ஈயம் 11.3, டங்ஸ்டன் 19.3. பக்கத் தொட்டிகளின் உள்ளே, பாய்லரின் முன்பகுதியில், ஓட்டுநர் அறையான கேப்பின் தரையடியில் இடம் கிடைக்கும். எடையின் மையம் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே விழட்டும். பாடியை மாட்டி, கீழே ஒரு பென்சிலைக் குறுக்காக வைத்து, எங்கே சமநிலை கிடைக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். பின்பக்கம் கனத்தால் முன் சக்கரங்கள் தண்டவாளத்தில் பெயருக்குத்தான் உருளும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிறு ஈயக் குண்டுகளைக் கொட்டி, மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பிவிஏ பசையை ஊற்றி உறையவைக்கும் பழக்கம் உண்டு. செய்த அன்று அருமையாக இருக்கும். சில வருடங்களில் பசையும் ஈயமும் வினைபுரிந்து வெள்ளைத் தூளாகப் பூத்துப் பெருத்து, தொட்டியின் பக்கச் சுவரைப் பிதுக்கி வெடிக்கவைத்துவிடும். எபாக்ஸியோ சயனோ (சூப்பர் க்ளூ) பசையோ பயன்படுத்துங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்கார வேண்டாம், அதை அரத்தால் ராவித் தூள் கிளப்பவும் வேண்டாம்.

எடை அதிகமாகிவிட்டதா என்பதற்கும் சோதனை உண்டு. என்ஜினைத் தண்டவாளத்தில் வைத்து, முன்னால் நீட்டியிருக்கும் முட்டுத் தாங்கியான பஃபரை விரலால் தடுத்து, மெதுவாக முழு வோல்ட்டேஜ் கொடுங்கள். சக்கரம் வழுக்கிச் சுழல வேண்டும். வழுக்காமல் மோட்டார் நின்று முனகினால் எடை கூடிவிட்டது. அந்த நிலையில் ஓரிரு நொடிக்கு மேல் வைத்திருந்தால் மோட்டார் சுருள் கருகும்.

வேகத்துக்கு வருவோம். டபுள்-ஓவின் அளவு விகிதம் 1:76.2. சரக்கு யார்டில் மணிக்கு 8 கிலோமீட்டரில் ஊரும் என்ஜின், மாடலில் நொடிக்கு 29 மி.மீ. நகர வேண்டும், ஒரு மீட்டரைக் கடக்க 34 நொடி. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 7 நொடி. பொம்மை என்ஜின் அந்த ஒரு மீட்டரை 2 நொடியில் தாண்டினால் நிஜக் கணக்கில் மணிக்கு 137 கிலோமீட்டர்! கரி யார்டு என்ஜின் எக்ஸ்பிரஸ் வேகத்தில் போகிறது. காரணம் கியர் விகிதம் குறைவு, மோட்டார் வேகம் அதிகம்.

சாதாரண டிசி கன்ட்ரோலர் என்றால் மலிவான தீர்வு நான்கு டயோடுகள் சேர்ந்த பிரிட்ஜ் ரெக்டிஃபையர். 1 ஆம்பியர் போதும். அதன் கூட்டல், கழித்தல் கால்களை ஒன்றாகச் சேர்த்து சாலிடர் செய்துவிட்டு, இரண்டு ஏசி கால்களை மோட்டார் ஒயரில் தொடராக இணையுங்கள். எந்தத் திசையில் ஓடினாலும் சுமார் 1.4 வோல்ட் அதில் குறையும். இரண்டு போட்டால் 2.8. ரெசிஸ்டர் போட்டாலும் வேகம் குறையும்தான், ஆனால் கிளம்பும்போது மோட்டார் அதிக கரண்ட் கேட்கும் அந்த நேரத்தில் பார்த்து அது வோல்ட்டேஜை விழுங்கிவிடும். டயோடு எவ்வளவு கரண்ட் போனாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான் குறைக்கும். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இது உச்ச வேகத்தை வெட்டும், கன்ட்ரோலர் குமிழுக்குக் கூடுதல் சுற்று கொடுக்கும். குறைந்த வேகத்தில் திணறும் என்ஜினைக் குணப்படுத்தாது.

டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) வைத்திருந்தால் டயோடு தேவையில்லை. என்ஜினுக்குள் அந்தக் கட்டளையைப் படிக்கும் டிகோடரில் சிவி எனும் அமைப்பு எண்கள் உண்டு: சிவி 5 உச்ச வோல்ட்டேஜ், சிவி 6 நடு வேகம், சிவி 2 கிளம்பும் வோல்ட்டேஜ், சிவி 3, 4 வேகம் ஏறுவதும் இறங்குவதும். 255 வரை போகும் சிவி 5-ஐ 110 அல்லது 120-ல் வைத்து ஆரம்பியுங்கள். டிகோடர் போடுமுன் மோட்டாரின் இரு முனையும் சக்கரம், சட்டம் எதோடும் தொடர்பில்லாமல் தனித்து நிற்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். பழைய வடிவமைப்புகள் சிலவற்றில் ஒரு பிரஷ் நேராக உலோகச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். அப்படியே இணைத்தால் முதல் நொடியிலேயே டிகோடர் புகைந்துவிடும். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே இருக்கும் ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் சிறு சப்ரஷன் கெப்பாசிட்டரையும் எடுத்துவிடுவது நல்லது, டிகோடர் மோட்டாரின் வேகத்தை அறிவதை அது குழப்பும்.

பலரும் கேட்பது: கெப்பாசிட்டர் ஒன்று போட்டால் பாயின்ட்டில் நிற்காதா? டிசி-யில் திசை மாறும்போது கூட்டல், கழித்தல் மாறிவிடும். சாதாரண எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் தலைகீழ் மின்னழுத்தத்தில் வெடிக்கும். ஆக இது டிசிசிக்கு மட்டுமே உரிய வித்தை, அதிலும் டிகோடரின் ரெக்டிஃபையருக்குப் பின்னால் இருக்கும் கூட்டல், கழித்தலில்தான் இணைக்க வேண்டும். அளவையும் கணக்கிட்டுப் பாருங்கள். 1000 மைக்ரோஃபாரட், மோட்டார் எடுப்பது 150 மில்லி ஆம்பியர், வோல்ட்டேஜ் 6 வோல்ட் அளவு குறைய அனுமதித்தால் கிடைப்பது 0.04 நொடி. யார்டு வேகத்தில் அது 1 மி.மீ. சொச்சம். பிளாஸ்டிக் ஃபிராக்கைத் தாண்ட அது எந்த மூலைக்கு? 2.7 வோல்ட், 1 ஃபாரட் சூப்பர் கெப்பாசிட்டர் ஆறைத் தொடராக இணைத்தால் 16.2 வோல்ட், 0.167 ஃபாரட், அதே கணக்கில் ஆறரை நொடி வரும். கூடவே சார்ஜ் ஆகும்போது கரண்ட்டைக் கட்டுப்படுத்த 100 ஓம் ரெசிஸ்டரும், அதற்கு இணையாக, கெப்பாசிட்டர் காலியாகும் திசையில் 1என்4001 டயோடும் போடுங்கள். உங்கள் தண்டவாள வோல்ட்டேஜ் 16-க்கு மேல் என்றால் ஆறு போதாது. 0-4-0 பாடிக்குள் இத்தனைக்கும் இடமில்லையே என்றால், பின்னால் எப்போதும் கூடவே ஓடும் ஒரு மூடு வேகனில் வைத்து மெல்லிய ஒயரால் இணைக்கலாம். அந்த வேகனின் சக்கரங்களிலும் பிக்கப் போட்டுவிட்டால் கெப்பாசிட்டரே தேவைப்படாமலும் போகலாம். அந்த வழி டிசி-க்கும் பொருந்தும், கூச்சப்படாமல் செய்யுங்கள்.

மோட்டார் உண்மையிலேயே செத்துப்போயிருந்தால் என்20 கியர் மோட்டார் நல்ல மாற்று. கியர் பெட்டி 12 மி.மீ. அகலம், 10 மி.மீ. உயரம், தண்டு 3 மி.மீ. 14 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 44 மி.மீ.; மணிக்கு 40 கிலோமீட்டர் வேண்டுமென்றால் சக்கரம் நிமிடத்துக்கு 200 சுற்று சுழல வேண்டும். அச்சை ஒன்றுக்கு ஒன்று கியரில் ஓட்டுவதானால் 12 வோல்ட்டில் 200 சுற்று உள்ள மோட்டாரைத் தேர்ந்தெடுங்கள். ஊர்ந்து போவதில் அசத்தும். ஆனால் கியர் இரைச்சல் உண்டு, மின்சாரம் போன இடத்தில் சுவரில் முட்டியதுபோல் நிற்கும். அதனால் பிக்கப் வேலையைத் தாண்டிக் குதிக்க இது வழியல்ல.

இனி தோற்றம். முதலில் எதை உருவாக்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். மலிவு 0-4-0 மாடல்கள் பலவும் ஒரே பொது அடிச்சட்டத்தின் மேல் வெவ்வேறு பாடி மாட்டியவை. ஹார்ன்பி என்ற மாடல் கம்பெனியின் ஜி.டபிள்யூ.ஆர். (கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே) 101-ஐ எடுத்தால், நிஜத்தில் 1902-ல் ஸ்விண்டனில் கட்டிய ஒரே ஒரு என்ஜின் அது. அதை மில்லிமீட்டர் துல்லியத்துக்குக் கொண்டுவர முயல்வது வீண் சிரமம். பெக்கெட், ஆண்ட்ரூ பார்க்லே, ஹன்ஸ்லெட் போன்ற கம்பெனிகள் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் துறைமுகங்களுக்கும் கட்டிக்கொடுத்த குட்டி என்ஜின்களின் சாயலில் ஒரு தொழிற்சாலை என்ஜினாக மாற்றினால் கை சுதந்திரமாக ஓடும். தப்பு என்று சொல்ல ஆளும் இருக்காது.

பொம்மைத்தனத்தைக் காட்டிக்கொடுப்பவை மூன்று: பாடியோடு வார்த்த கைப்பிடிக் கம்பி, ஆமைத் தலை மாதிரி நீட்டிய, வேகனை மாட்டும் கப்ளிங், பாய்லருக்கு அடியில் வெளிச்சம் தெரியாமல் அடைத்த பாவாடை. வார்த்த கைப்பிடியைப் புதிய கத்தி அலகால் படுக்கைவாட்டில் சிறுகச் சிறுகச் சீவி, 600 பிறகு 1000 உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். பழைய கோடு அழிவதற்கு முன்பே ஊசி முனையால் துளை இடங்களைக் குறித்துக்கொண்டு, கையால் திருகும் 0.5 மி.மீ. துரப்பணத்தால் துளையிடுங்கள். மின் துரப்பணம் பிளாஸ்டிக்கை உருக்கித் துளையை அகலமாக்கும். 0.45 மி.மீ. பித்தளைக் கம்பி நிஜத்தில் 34 மி.மீ. தடிக்குச் சமம், பொருத்தமான அளவு. கம்பியைத் தாங்கும் குமிழ்கள் கிடைத்தால் கோர்த்துப் பொருத்துங்கள். பாய்லருக்கும் கம்பிக்கும் இடையே 1 மி.மீ. தகட்டைச் செருகி வைத்து ஒட்டினால் முழு நீளமும் ஒரே இடைவெளியில் நிற்கும்.

பாய்லர் அடியை வெட்டித் திறக்கும் முன் மோட்டார் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். வெளிச்சத்துக்காக வெட்டிவிட்டு அங்கே செம்புச் சுருள் பளிச்சென்று தெரிந்தால் முன்பைவிட மோசம். மோட்டார் மறைக்கும் பகுதியை விட்டு, முன்னால் 8, 10 மி.மீ. திறந்தாலே கண்ணுக்குப் போதும்.

பஃபர் மையம் தண்டவாளத்தின் மேலிருந்து 14 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும். தொழிற்சாலை என்ஜினுக்கு உலோக பஃபருக்குப் பதில் மரக்கட்டை பஃபரும் சரியே, 5 மி.மீ. சதுர மரத்துண்டின் விளிம்பை லேசாகச் சிதைத்து, முகப்பில் ஒரு மெல்லிய தகடு ஒட்டினால் அச்சு அசலாக இருக்கும். கேப் ஜன்னலுக்கு 0.25 மி.மீ. தெளிந்த தகடு. இங்கே மட்டும் பிவிஏ பசைதான், சயனோ போட்டால் அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். கரி வைக்கும் பெட்டியான பங்கரில் வார்த்த பிளாஸ்டிக் கரியின் மேல் நிஜக் கரியை நொறுக்கி, 1 முதல் 3 மி.மீ. துண்டுகளாகச் சலித்து ஒட்டுங்கள். நிஜக் கரியின் மினுக்கைப் பெயின்ட்டால் கொண்டுவர முடியாது.

அச்சிட்ட எண்ணை அழிக்க எனாமல் தின்னரில் நனைத்த பருத்திக் குச்சியை மெல்ல உருட்டுங்கள், முதலில் அடிப்பக்கத்தில் சோதித்துவிட்டு. ஸ்பிரே பிரைமர் 25 செ.மீ. தூரத்திலிருந்து, மெல்லிய இரண்டு பூச்சு. சுத்தக் கறுப்பு வேண்டாம். சிறு மாடலில் அது ஓட்டை மாதிரித் தெரியும், விவரமெல்லாம் மூழ்கிவிடும். கரும்சாம்பல் அடித்தால் கறுப்பாகவே தெரியும், ரிவெட்டும் தெரியும்.

சக்கரத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது என்ஜினைத் தலைகீழாக வைத்து மெதுவாக ஓடவிட்டு, தூரிகையை ஆரங்களில் வைத்தால் எல்லா இடமும் விழும். ஓடுபரப்பிலும் பின்புறத்திலும் பட்டதைக் காயும் முன் துடைத்துவிட வேண்டும், இல்லையேல் இவ்வளவு பாடுபட்ட பிக்கப் மறுபடி திணறும். அழுக்கேற்றும்போது ஒரு நிறத்தையே எல்லா இடத்திலும் பூசாதீர்கள். பாய்லருக்குப் பக்கத்தில் நீளவாக்கில் போகும் நடைமேடைத் தகட்டுக்குக் கீழே பிரேக் தூசியின் பழுப்பு, பாய்லர் தலையில் புகைக்கரி, தண்ணீர் நிரப்பும் மூடியைச் சுற்றி வெளிறிய உப்புக்கறை வழிந்த கோடு, கை படும் கைப்பிடியில் மட்டும் கொஞ்சம் மினுக்கு. மேட் வார்னிஷ் அடிப்பதானால் ஜன்னல் தகட்டை அதற்குப் பிறகு ஒட்டுங்கள். ராட், பிக்கப், அச்சுத் தாங்கிகளை மறைத்துக் கட்டியே ஸ்பிரேயைத் தொடுங்கள். காய்ந்ததும் ராட் துளைகளுக்குத் திரும்பவும் குண்டூசி முனை எண்ணெய்.